ஊசி 5இல் நிற்குது, காற்று எங்கே?



போன எபிசோடில் ஜைரோஸ்கோப் பற்றிப் பேசும்போது, "சின்ன விமானங்களில் இன்னும் காற்றால் சுழலுற ஜைரோ இருக்கு" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டோம். அதற்குப் பிறகு இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்வி: "காற்றாலயா? கரண்ட் இல்லாமலா? சீரியஸா?" ஓம், சீரியஸாத்தான். மைக்கில் விளக்கினால் யாருக்கும் விளங்காது, அதனால் இந்தக் கடிதம். சும்மா தியறி சொல்லாமல், அண்மையில் நாங்கள் தேடிப் பிடித்த ஒரு கோளாறோடு சேர்த்துச் சொல்கிறேன்.

விமானம் ஒரு ஹோம்பில்ட். தெற்கு ஒன்ராறியோவில் ஒரு சின்னத் தளத்தில் நிற்கிற, இரண்டு சீட் மட்டும் உள்ள விமானம். 'ஹோம்பில்ட்' என்றதும் தகரத்தை வெட்டி ஒட்டின பொம்மை என்று நினைக்க வேண்டாம். கிட் வாங்கி, ஆயிரக்கணக்கில் ரிவெட் அடித்து, வருஷக்கணக்காகக் கராஜில் கட்டுவார்கள். அரச பரிசோதனை இருக்கு, பதிவெண் இருக்கு. வித்தியாசம் என்னவென்றால், கனடாவில் இப்படியான விமானத்தின் சொந்தக்காரரே பராமரிப்பு வேலையைச் செய்து கையெழுத்தும் வைக்கலாம். பெரிய சுதந்திரம். ஆனால் பேனலுக்குப் பின்னால் எந்த ஹோஸ் எங்கே போகுது என்று காட்ட ஒரு ஃபாக்டரி வரைபடம் கிடையாது. கட்டினவருடைய தலைக்குள் இருந்ததுதான் வரைபடம். இந்த விமானத்தைக் கட்டினவர் அதை எப்போதோ விற்றுவிட்டார். இப்போது வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை. நான் பைலட் இல்லை. சனிக்கிழமைகளில் ஹாங்கரில் அவருக்கு டோர்ச் பிடிக்கிற ஆள்.

அண்ணையின் முறைப்பாடு இதுதான்: "தம்பி, டிஜி 10 நிமிஷத்துக்கு 20 டிகிரி ஓடுது. உதைப் பாத்துப் பறந்தா ரொறன்ரோ எண்டு நினைச்சுக்கொண்டு பஃபலோவில போய் இறங்குவன்."

டிஜி என்பது மூக்கு எந்தத் திசையில் இருக்கு என்று காட்டுகிற ஜைரோ. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜைரோ, செயற்கை அடிவானம்: மேலே நீலம், கீழே மண்ணிறம், நடுவில் ஒரு கோடு. விமானம் சரிந்தால் கோடும் சரியும். அதுவும் சோம்பலாகத்தான் இருந்தது. திரும்பி நேரான பிறகும் கோடு நேராக வர நிறைய நேரம் எடுத்தது. அண்ணை ஏற்கெனவே ஒன்லைனில் யாரோ விற்ற பழைய டிஜி ஒன்றை வாங்கி மாற்றிப் பூட்டியும் பார்த்துவிட்டார். அதுவும் ஓடியது. ஆனால் பேனலில் உள்ள சக்ஷன் கேஜின் ஊசி மட்டும் ஆடாமல் அசையாமல் 5இல் நின்றது.

"சக்ஷன் நல்லா இருக்கு. அப்ப மூண்டு கருவியும் பழுது. ஓவர்ஹோலுக்கு அனுப்பத்தான் வேணும்," என்றார். சில ஆயிரம் டொலர் செலவு.

மூன்றும் ஒரேயடியாகப் பழுதா? அந்த இடத்தில்தான் எனக்கு இடித்தது.

கோளாறுக்குள் போக முன், இது ஏன் 'போனால் போகட்டும்' என்று விடக்கூடிய விஷயம் இல்லை என்று சொல்ல வேண்டும். உங்கள் உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கு. தலை திரும்பத் தொடங்குவதை அவை உடனே உணரும். ஆனால் திருப்பம் ஒரே சீராகத் தொடர்ந்தால், 20 செக்கன் வரையில் குழாய்க்குள் இருக்கிற திரவமும் அதே வேகத்துக்கு வந்துவிடும். பிறகு மூளைக்குக் கிடைக்கிற செய்தி: "நாங்கள் நேராகப் போகிறோம்." ஜன்னலுக்கு வெளியே அடிவானம் தெரிந்தால் கண் அதைத் திருத்தும். தெரியாவிட்டால் திருத்த ஆளில்லை. 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை வெளியே தெரியாத நிலையில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பாதுகாப்புக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தார். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்த நேரம் 178 செக்கன். மூன்று நிமிஷம்கூட இல்லை.

"அண்ணை முகிலுக்குள் போறதில்லையே" என்று கேட்கலாம். முகில் தேவையில்லை. கோடைகாலத்தில் ஒன்ராறியோ ஏரிக்கு மேல் புகார் பிடித்தால் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம், கோடு எங்கே என்று தெரியாது. ஜோன் எஃப். கெனடி ஜூனியர் 1999 ஜூலையில் மாத்தாஸ் வின்யார்ட் தீவுக்குக் கிட்டக் கடலில் விழுந்தது அப்படியான ஒரு இரவில்தான்: புகார், இருட்டு, கீழே தண்ணீர். அவருடைய கருவிகளில் பழுது இருந்ததாக விசாரணையில் சொல்லப்படவில்லை. திசை உணர்வு குழம்பியதுதான் காரணம் என்றார்கள். நல்ல கருவி இருந்தபோதே அந்தக் கதி. கருவியே மெதுவாகப் பொய் சொல்லத் தொடங்கினால்?

'மெதுவாக' என்ற சொல் இங்கே முக்கியம். பழைய வேக்யூம் கருவிகள் பலவற்றில் "நான் செத்துப்போனேன்" என்று காட்டும் சிவப்புக் கொடி கிடையாது. காற்று நின்றாலும் சுழலி தன்னுடைய வேகத்தில் சில நிமிஷம் ஓடும். பிறகு தளர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். பைலட் அந்தச் சரிவை உண்மை என்று நம்பி, விமானத்தை மற்றப் பக்கம் சரித்து 'நேராக்குவார்'. கோடு நேராகிவிடும். விமானம் சரிந்துபோய்விடும்.

காற்று போகும் வழி

எஞ்சினின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பம்ப், உள்ளங்கையில் வைத்துத் தூக்கலாம். அது காற்றை ஊதாது, உறிஞ்சும். அதன் ஹோஸ் பேனலுக்குப் பின்னால் போய்க் கருவியின் பெட்டிக்குள்ளிருந்து காற்றை இழுக்கும். பெட்டி இறுக்கமாக மூடியிருக்கு, உள்ளே வர ஒரே வழி ஒரு சின்ன நாசில். அந்த நாசிலால் பாய்ந்து வரும் காற்று, ஜைரோ சுழலியின் விளிம்பில் வெட்டியிருக்கிற சின்னச் சின்னக் கிண்ணங்களில் மோதும். நீர்ச்சக்கரம் மாதிரி, தண்ணீருக்குப் பதில் காற்று. சுழலி நிமிஷத்துக்கு 10,000 தடவைக்கு மேல் சுற்றும். அவ்வளவு வேகமாகச் சுற்றும் பொருள் தன் அச்சை மாற்ற விரும்பாது. விமானம் அதைச் சுற்றி ஆடும், அது ஆடாது. கருவி காட்டுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

இதற்குத் தேவையான உறிஞ்சல் கிட்டத்தட்ட 5 இன்ச் பாதரசம். கேட்க ஏதோ பெரிய விஷயம் மாதிரி இருக்கும். வளிமண்டல அழுத்தம் 29.92 இன்ச், அதில் ஆறில் ஒரு பங்குதான் இது. ஒரு நீட்டு ஸ்ட்ரோவில் தண்ணீரை 1.7 மீற்றர் உயரத்துக்கு உறிஞ்சுகிற பலம். பெரும்பாலான கருவிகள் 4.5க்கும் 5.5க்கும் இடையில் சந்தோஷமாக ஓடும்.

இந்த வழியில் இன்னும் இரண்டு சாமான் இருக்கு. ஒன்று ஃபில்டர். கேபினுக்குள் இருக்கிற காற்று முதலில் அதற்குள்ளால் வந்துதான் கருவிகளுக்குப் போகும். மற்றது ரெகுலேட்டர், பம்புக்கு முன்னால் ஹோஸில் இருக்கிற ஸ்ப்ரிங் வால்வ். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பம்பும் அளவுக்கு மீறி இழுக்கும். அப்போது ரெகுலேட்டர் திறந்து, கேபின் காற்றைக் கொஞ்சம் நேராகப் பம்புக்குள் விட்டு, உறிஞ்சலை 5இல் பிடித்து வைக்கும். அதற்கும் தனியாக ஒரு சின்ன ஸ்பொஞ்ச் ஃபில்டர் உண்டு. இந்த இரண்டு ஃபில்டரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கதையே இவற்றின் வித்தியாசத்தில்தான் இருக்கு.

கேஜ் எதை அளக்குது?

ஒரு ஸ்ட்ரோவின் அடியை விரலால் பொத்திக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். வாய்க்குள் இழுவை பலமாக இருக்கும். ஜூஸ் வராது.

சக்ஷன் கேஜும் இழுவையைத்தான் அளக்கும். எவ்வளவு காற்று ஓடுது என்று அதற்குத் தெரியாது. இன்னும் சரியாகச் சொன்னால், அது இரண்டு இடங்களுக்கு இடையில் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கும். ஒரு பக்கம் கருவியின் பெட்டி. மற்றப் பக்கம்? அது கட்டினவர் எப்படி இணைத்தார் என்பதைப் பொறுத்தது. பல கேஜ்களின் முதுகில் இரண்டு வாய் இருக்கும். இரண்டாவது வாயை ஃபில்டருக்குப் பின்னால் வரும் சுத்தமான காற்றோடு இணைத்தால், கேஜ் கருவிக்குக் குறுக்கே உண்மையில் விழுகிற அழுத்தத்தைக் காட்டும். அதைச் சும்மா திறந்து கேபினைப் பார்க்க விட்டால், கேஜ் காட்டுவது ஃபில்டரும் கருவியும் சேர்ந்த மொத்தக் கணக்கு.

திறந்து விட்ட கேஜ் உள்ள விமானத்தில் ஃபில்டர் அடைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். கருவிகளுக்குள் காற்று குறையும். பம்ப் அதே மாதிரி இழுத்துக்கொண்டிருப்பதால் உறிஞ்சல் ஏறப் பார்க்கும். ரெகுலேட்டர் உடனே இன்னும் கொஞ்சம் திறந்து, தன் வழியால் காற்றை விட்டு, 5இல் பிடிக்கும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்யுது. ஊசி 5. கருவிக்குள் இருக்கிற ஜைரோக்கள் மட்டும் மூச்சுத் திணறும். அதாவது ஃபில்டர் எவ்வளவு மோசமாக அடைத்தாலும் இந்த ஊசி "எல்லாம் ஓகே" என்றுதான் சொல்லும்.

ஆகவே அண்ணையின் பேனலுக்குக் கீழே தலைகீழாகப் படுத்துக்கொண்டு முதலில் தேடியது கேஜின் இரண்டாவது வாயை. டோர்ச் வெளிச்சத்தில் தெரிந்தது: ஒன்றும் பூட்டாமல், திறந்தபடி. கட்டினவர் மேல் பெரிய குறை சொல்ல மாட்டேன். பறக்கும், ஊசி காட்டும், பரிசோதனையிலும் தேறும். வருஷக்கணக்காக ஒரு பிரச்சினையும் வந்திருக்காது.

சந்தேகம் வேறு, ஆதாரம் வேறு. இரண்டு வாயுள்ள இன்னொரு டிஃபரன்ஷியல் கேஜை எடுத்து, ஒரு குழாயை டிஜி பெட்டியிலிருந்து காற்று வெளியேறும் பக்கத்துக்கும் மற்றதை டிஜிக்குள் காற்று போகும் பக்கத்துக்கும் ஒரு டீ போட்டு இணைத்தோம். விமானத்தை வெளியே இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அண்ணை பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை 1,700 ஆர்பிஎம்முக்குக் கொண்டுவந்தார். நான் பக்கத்துச் சீட்டில் இருந்து இரண்டு ஊசியையும் பார்த்தேன். பேனல் ஊசி: 5. எங்கள் ஊசி: 3. மிச்ச 2 இன்ச் ஃபில்டரிலேயே செலவாகியிருக்கு.

ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டியது தேயிலை நிறத்தில் இருந்தது. எப்போது மாற்றினது என்று பதிவுப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. அந்தக் காலத்தில் பைலட்கள் கொக்பிட்டுக்குள்ளேயே சிகரெட் பிடிப்பார்கள். அந்தத் தார் ஃபில்டரில் ஒட்டும், தப்பினது ஜைரோவுக்குள் போய் ஒட்டும். கருவி திருத்துகிறவர்களுக்கு சிகரெட் ஒரு பழைய எதிரி.

புது ஃபில்டர் போட்டோம். சில பேர் "ஃபில்டரையே கழற்றிவிட்டு ஓடவிட்டுப் பார்" என்பார்கள். சோதனையாக வேலை செய்யும்தான், ஆனால் தூசி நேராக பேரிங்குக்குள் போகும், ஒரு ஃபில்டரின் விலைக்கு அந்த ரிஸ்க் தேவையில்லை. திரும்ப எஞ்சினை ஓட்டியபோது பேனல் ஊசி 5, எங்கள் ஊசி 4.9. கேஜின் இரண்டாவது வாயையும் ஒரு குழாயால் ஃபில்டருக்குப் பின்னால் இணைத்துவிட்டோம். இனி ஃபில்டர் அடைத்தால் ஊசி இறங்கிக் காட்டும்.

ஊசி வேறு எதையாவது சொன்னால்

எங்களுக்கு வந்தது ஊசி பொய் சொல்கிற வகை. அது உண்மை பேசுகிற வகைகளும் உண்டு.

ஊசி 6க்குப் போனால் பலர் செய்வது, ரெகுலேட்டர் திருகைத் திருப்பி 5க்கு இறக்குவது. அவசரப்படாதீர்கள். முதலில் ரெகுலேட்டரின் அந்தச் சின்ன ஸ்பொஞ்சைப் பாருங்கள். அது அடைத்தால் ரெகுலேட்டருக்கு மூச்சு விட வழியில்லை, உறிஞ்சல் ஏறும். ஸ்பொஞ்சைத் தொடாமல் திருகைத் திருப்பினால், பிறகு யாராவது ஸ்பொஞ்சை மாற்றும்போது உறிஞ்சல் விழுந்துவிடும். கூடின உறிஞ்சலும் நல்லதில்லை, ஜைரோ அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் சீக்கிரம் தேயும்.

ஊசி குறைவாக நின்றால் தேட வேண்டிய இடம் நீளும். எஞ்சின் ஐடிலில் குறைவாக இருந்து, வேகம் கூட்டும்போது 5க்கு வந்தால் அது இயல்பு. எந்த வேகத்திலும் வராவிட்டால் எங்கேயோ கசிவு, அல்லது ரெகுலேட்டர் தூசி பிடித்துத் திறந்தபடி நிற்கலாம், அல்லது பம்ப் களைத்துவிட்டது. ஒவ்வொரு கருவியாகக் கழற்றி, அதன் ஹோஸை மூடிவிட்டுப் பாருங்கள். எதை மூடும்போது ஊசி துள்ளி ஏறுதோ கசிவு அந்தப் பக்கம். பழைய ரப்பர் ஹோஸ்களில் ஒரு வஞ்சகம் இருக்கு: வெளியே நல்லாயிருக்கும், உள்தோல் உரிந்து, எஞ்சின் சூட்டில் இளகி, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். காலையில் குளிரில் சோதித்தால் ஒன்றும் தெரியாது, அரைமணி நேரம் பறந்த பிறகுதான் ஊசி விழும். "சூடானால் மட்டும் வருது" என்று ஒரு முறைப்பாடு வந்தால் நான் முதலில் ஹோஸைத்தான் அமத்திப் பார்ப்பேன்.

ஒன்று கட்டாயம்: கசிவு தேடுகிறேன் என்று கம்ப்ரஸர் காற்றை ஜைரோ பூட்டியிருக்கிற ஹோஸுக்குள் அடிக்கக் கூடாது. அந்த மென்மையான பேரிங்குகள் அதோடு முடிஞ்சுது. அதே மாதிரி, வீட்டுக் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டெஃப்லோன் டேப்பை இந்த இணைப்புகளில் சுற்றக் கூடாது. ஒரு துணுக்கு கழன்று பம்புக்குள்ளோ வால்வுக்குள்ளோ போனால் போதும். ஹோம்பில்ட்களில் இந்த டேப்பை அடிக்கடி காணலாம், ஏனென்றால் அது எல்லார் வீட்டு டூல்பாக்ஸிலும் இருக்கு.

ஊசி ஒரேயடியாகப் பூச்சியத்துக்கு விழுந்தால் பெரும்பாலும் பம்ப்தான். இன்று அதிகம் பாவிக்கிற 'ட்ரை' பம்புக்குள் இருக்கும் தகடுகள் கிராஃபைட், பென்சில் கரி மாதிரி. தானே தேய்ந்து தானே மசகிடும், எண்ணெய் தேவையில்லை. ஆனால் சாகும்போது முன்னறிவிப்பில்லாமல் தூளாகிச் சாகும். எஞ்சினைக் காப்பாற்ற, பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வேண்டுமென்றே பலவீனமாகச் செய்த ஒரு இணைப்பு இருக்கு, பம்ப் இறுகினால் அது முறிந்து கொடுக்கும். எஞ்சினின் எண்ணெய் சீல் கசிந்து பம்புக்குள் போனாலும், எஞ்சினைக் கழுவும்போது சோல்வென்ட் உள்ளே போனாலும் கரித்தூள் களியாகி அதே முடிவுதான். புதுப் பம்ப் போட முன் ஹோஸ்களுக்குள் பழைய கரித்தூள் இருக்கா என்று பார்த்துத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் அதே தூளைத் தின்று சாகும். இன்னொன்று, இந்தப் பம்புகளில் பல ஒரு பக்கம் மட்டும் சுற்றச் செய்தவை. பழைய பம்ப் வாங்குகிறவர்கள் வலமா இடமா என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, அண்ணையின் டிஜிக்கு வருவோம். ஃபில்டர் மாற்றியதோடு செயற்கை அடிவானம் ஒழுங்காகிவிட்டது. எஞ்சின் தொடங்கி 5 நிமிஷத்துக்குள் நேராக நின்றது, டாக்ஸியில் திரும்பும்போது அசையவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் டிஜி இன்னும் 10 நிமிஷத்துக்கு 8 டிகிரி ஓடியது. "நான் சொன்னன்தானே!" என்றார் அண்ணை.

இந்த இடத்தில் ஒரு கருவியும் தேவையில்லை, காது போதும். எஞ்சினை நிறுத்தி, எல்லாவற்றையும் ஓஃப் பண்ணிவிட்டு, பேசாமல் இருந்து கேளுங்கள். நல்ல ஜைரோ மெல்லிய 'ம்ம்ம்' என்று பல நிமிஷம் சுற்றிக்கொண்டே இருக்கும். செயற்கை அடிவானம் அப்படித்தான் சுற்றியது. டிஜி கரகரவென்று முனகி, இரண்டு நிமிஷத்துக்குள் நின்றுவிட்டது. பேரிங் தேய்ந்திருக்கு. இந்த டிஜி எது? ஒன்லைனில் வாங்கிய அந்தப் பழையது. முதலில் இருந்த டிஜி பேப்பரில் சுற்றி அலுமாரியில் இருந்தது. அதை எடுத்துத் திரும்பப் பூட்டினோம். நன்றாக ஓடியது. அது ஒருநாளும் பழுதாகவில்லை, பட்டினி கிடந்தது, அவ்வளவுதான்.

"இதென்ன கோதாரி! நல்லதைக் கழட்டி வைச்சிட்டு, பழுதைக் காசு குடுத்தெல்லோ வாங்கியிருக்கிறன்," என்று தலையில் கை வைத்தார் அண்ணை. பாவம், அவர் செய்தது எல்லாரும் செய்வதுதான். நல்லது என்று நிச்சயமாகத் தெரியாத ஒரு சாமானை வைத்து இன்னொரு சாமானைச் சோதித்தால், பதில் வராது, இரண்டாவது கேள்விதான் வரும். நீங்கள் கோட் டீபக் பண்ணும்போதும் இதைத்தான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து பறந்து பார்த்தபோது டிஜி 15 நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 3 டிகிரி ஓடியது. அண்ணை அதையும் பிடிக்க வேண்டும் என்று நின்றார். அதைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் அதில் பெரும்பகுதி பூமி. ஜைரோ தன் அச்சை விண்வெளியில் பிடித்துக்கொண்டிருக்கும்போது, கீழே பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றிப் போகுது. அதில் எவ்வளவு டிஜியில் தெரியும் என்பது நீங்கள் நிற்கும் அகலாங்கின் சைன் பெறுமதியைப் பொறுத்தது. ரொறன்ரோவில் மணிக்கு 10 டிகிரிக்குக் கொஞ்சம் மேல், அதாவது 15 நிமிஷத்துக்கு 2.6. லண்டனில் மணிக்கு 11.7. சிட்னியில் 8.4, அதுவும் எதிர்ப் பக்கமாக. அதே டிஜியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனால் மணிக்கு வெறும் 2.5. சிங்கப்பூரில் இருக்கிறவர்களுக்கு அனேகமாகப் பூச்சியம். பைலட்கள் 10, 15 நிமிஷத்துக்கு ஒருமுறை, நேராக மட்டமாகப் பறக்கும்போது காந்தத் திசைகாட்டியைப் பார்த்து டிஜியைத் திருத்துவது இதற்காகத்தான். 15 நிமிஷத்துக்கு 3 டிகிரிக்குள் என்றால் பயிற்சிப் புத்தகங்களும் ஓகே என்கின்றன.

இவ்வளவும் வாசித்துவிட்டு, "இந்தக் காற்றுக் கருவிகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு ஸ்கிரீன் போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கார்மின் ஜி5 மாதிரியான எலக்ட்ரானிக் கருவிகளில் சுழலியே இல்லை. உங்கள் ஃபோனில் இருக்கிற வகைச் சில்லு ஜைரோ, கூடவே தன் சொந்த பேட்டரி. ஹோம்பில்ட்களில் அவற்றைப் பூட்டுவது சுலபம், இப்போது கட்டுகிறவர்களில் பலர் வேக்யூம் பம்பையே வாங்குவதில்லை. நான் புதிதாகக் கட்டினால் நானும் வாங்க மாட்டேன். "அப்ப ஃபோனையே ஒட்டிவிடலாமே" என்கிறவர்களுக்கு: ஃபோனில் லெவல் ஆப்பைத் திறந்துகொண்டு ஒழுங்காகத் திரும்புகிற விமானத்தில் இருந்து பாருங்கள். விமானம் 30 டிகிரி சரிந்திருக்கும், ஆப் மட்டம் என்று சொல்லும். திருப்பத்தில் உடம்பு உணர்கிற 'கீழே' என்பது சீட்டின் அடி, பூமி இல்லை. உங்கள் காதை ஏமாற்றுகிற அதே விசைதான் அந்த ஆப்பையும் ஏமாற்றுகிறது. விமானக் கருவியின் மென்பொருள் ஜைரோவையும் மற்ற அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்து இதைச் சமாளிக்கப் பாடுபடும். விலையில் ஒரு பங்கு அதற்குத்தான்.

அண்ணை இப்போதைக்கு வேக்யூமை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக் கருவியும் போடப் போகிறார். இரண்டுக்கும் உயிர் வேறு வேறு இடத்திலிருந்து வருது, ஒன்றுக்குப் பம்ப், மற்றதுக்கு பேட்டரி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது பொய் என்று தீர்க்க ஊசியும், கரண்டில் ஓடுகிற திருப்பம் காட்டும் கருவியும், காந்தத் திசைகாட்டியும் இருக்கு. பொய் சொல்வது எது என்று தெரிந்ததும் பைலட்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு: அதைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்வதில்லை, மூடிவிடுவார்கள். கண் முன்னால் சரிந்த கோடு ஒன்று இருந்தால், பொய் என்று தெரிந்தாலும் கை தன்பாட்டில் அதைத் திருத்தப் போகும். அதற்கென்றே விற்கிற ரப்பர் மூடி இருக்கு. அண்ணையின் பேனலில், கேஜுக்குப் பக்கத்தில், ஒரு மஞ்சள் ஸ்டிக்கி நோட் கட்டு ஒட்டியிருக்கு. புது ஃபில்டர் போட்ட தேதியையும் அதன் முதல் தாளில்தான் எழுதியிருக்கிறார்.